முடிச்சவிழ்க்கியும் மர்ம நபரும்

வாசகர் கேள்வி – பதில்

கோடைச் சீசன் முடிந்து தென்மேற்குப் பருவமழை மலையேறி வரும் இந்த நேரத்தில், நீலகிரி மாவட்டத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருக்கின்றன. திருட்டைப் பற்றியும், திருடுபவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

உதகமண்டலம் வாசகர் ஒருவர்: மலர்க் கண்காட்சி நாட்களில் பேருந்து நிலையத்தில் ‘ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை’ என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் பேத்திக்கு அது விளங்கவில்லை. ‘பிக்பாக்கெட்’ என்று சொன்ன பிறகுதான் புரிந்துகொண்டாள். இதற்குத் தமிழில் சொந்தச் சொல்லே இல்லையா, ஐயா?

இருக்கிறது; அதுவும் மிகத் துல்லியமான சொல். ‘முடிச்சவிழ்க்கி’ என்பது அது. பேச்சில் ‘முடிச்சவிக்கி’ என்று தேய்ந்து, இன்று பெரும்பாலும் வெறும் வசையாகவே காதில் விழுகிறது. இதே பொருளில் ‘முடிச்சுமாறி’ என்ற சொல்லும் உண்டு. சட்டையில் பை வைத்துத் தைக்கும் வழக்கம் பரவுவதற்கு முன்னால் நம்மவர்களின் பணம் துணியில்தான் இருந்தது. ஆண்கள் வேட்டி மடியில் செருகியோ துண்டின் முனையில் முடிந்தோ வைத்திருந்தார்கள். பெண்கள் முந்தானை முனையில் காசை வைத்து இறுக முடிந்து, அந்த முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். வெற்றிலை பாக்கோடு சில்லறையும் கிடந்த சுருக்குப் பையின் வாயும் கயிற்றால்தான் மூடியிருந்தது. சந்தைக் கூட்டத்திலோ, சத்திரத்துத் திண்ணையில் அசந்து தூங்கும்போதோ, உடையவருக்குத் தெரியாமல் அந்த முடிச்சை அவிழ்க்க விரல்களுக்குத் தனிப் பழக்கம் வேண்டும். அந்த வேலையைச் செய்தவனுக்கு அந்த வேலையே பெயராயிற்று. ‘மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்’ என்று சொல்கிறோமே, அந்த மடியும் இந்த மடிதான்.

முடிச்சு போய்ப் பை வந்தபோது சொல்லும் மாறியது. ‘ஜேப்’ என்பது அரபியில் தோன்றிப் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நமக்கு வந்து சேர்ந்த சொல். சட்டைப் பை என்பது பொருள். அதனோடு நாம் நம்முடைய ‘அடி’யைச் சேர்த்துக்கொண்டோம். கொள்ளையடித்தல், காப்பியடித்தல் என்பவற்றில் வரும் அதே ‘அடி’தான் ஜேப்படியிலும் இருக்கிறது. பின்னர் ஆங்கிலத்திலிருந்து ‘பிக்பாக்கெட்’ வந்தது. ஆங்கிலத்தில் அது ஆளைக் குறிக்கும் சொல்; நாமோ அதைச் செயலுக்கும் பெயராக்கி, ‘பஸ்ஸில் பிக்பாக்கெட் அடித்துவிட்டான்’ என்று மறுபடியும் அந்த ‘அடி’யைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டோம். மலையாளத்திலும் ‘போக்கற்றடி’ என்றே சொல்கிறார்கள் என்பதைக் கூடலூர், பந்தலூர் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். வெளியிலிருந்து எந்தப் பெயர்ச்சொல் வந்தாலும் வினையை நம் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுப்பது தமிழின் இயல்பு. அதனால் ‘ஜேப்படி’யை அயற்சொல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

பெயரோடு சேர்த்து அந்த வேலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் எழுதிய வாசகர் தம் உறவினர் ஒருவர் பணத்தை இழந்ததையும் குறிப்பிட்டிருக்கிறார். இதை ஒருவர் தனியாகச் செய்வது அரிது. ஒருவர் முன்னால் நின்று வழியை மறிப்பார் அல்லது தோளில் இடிப்பார், இரண்டாமவர் எடுப்பார், எடுத்த கணத்திலேயே பொருள் மூன்றாமவர் கைக்குப் போய்விடும். சந்தேகப்பட்டு இரண்டாமவரைப் பிடித்துச் சோதித்தால் அவரிடம் எதுவும் இருக்காது. பையின் அடியைச் சவரப் பிளேடின் பாதித் துண்டால் கீறுவதற்குப் ‘பிளேடு போடுதல்’ என்று பெயர். சமவெளியில் மெல்லிய சட்டையோடு நிற்பவருக்குப் பைக்குள் நுழையும் விரல் ஓரளவு தெரிந்துவிடும். இங்கே மலையில் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின் என்று அடுக்கடுக்காக உடுத்துகிறோம். ஜெர்கினின் பக்கப் பை உடம்பைத் தொடுவதே இல்லை, அதற்குள் ஒரு கை போய் வந்தாலும் உணர முடியாது. குளிருக்காகக் கையை வெளியே எடுக்காமல் நிற்பவர்கூடப் பேருந்துப் படியில் ஏறும்போது கம்பியைப் பிடிக்கக் கையை எடுத்தே ஆக வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள். பணத்தை ஜெர்கினில் வைக்காமல் உள்சட்டைப் பையில் வையுங்கள். இரவிக்கைக்குள் சுருக்குப் பையைச் செருகிவைக்கும் நம் பாட்டிமார்களிடமிருந்து எவரும் எதையும் எளிதில் எடுத்துவிட முடிவதில்லை.

அறிவிப்பைப் பொறுத்தவரை, ‘ஜேப்படி’, ‘பிக்பாக்கெட்’ என்ற இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. எச்சரிக்கை தாத்தாவுக்கும் விளங்க வேண்டும், பேத்திக்கும் விளங்க வேண்டும்.

குன்னூர் வாசகி ஒருவர்: ‘கேப்மாரி’ என்று என் மகன் நண்பனைத் திட்டினான். அதற்கு என்ன பொருள் என்று கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அது ஒரு மக்கள் பிரிவின் பெயர். தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில், அதாவது முன்பு குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டிருந்த சமூகத்தாரின் பட்டியலில், இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. 1871-இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து, பிறப்பினாலேயே சில சமூகத்தாரைக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911-இல் அந்த ஏற்பாடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பதிவு செய்யப்பட்டவர்கள் விரல் ரேகை கொடுக்க வேண்டும், காவல் நிலையத்தில் தங்கள் இருப்பைத் தெரிவிக்க வேண்டும், அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. எந்தத் திருட்டும் செய்திராத ஒருவர், தம் தாய் தந்தையர் யார் என்ற ஒரே காரணத்துக்காக இரவெல்லாம் காவல் நிலையத்தில் படுத்துக் கிடக்க வேண்டியிருந்தது. தென் மாவட்டத்து மக்கள் இதைக் ‘கைரேகைச் சட்டம்’ என்று அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது காவல் துறை சுட்டதில் பலர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பெயர்கள் நம் வாயில் வசைகளாகத் தங்கிவிட்டன. பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் ஒரு பையன் இன்னொருவனை இந்தச் சொல்லால் திட்டும்போது, அவர்களுக்கு நடுவே அந்தப் பிரிவைச் சேர்ந்த பிள்ளை ஒருவன் நின்றுகொண்டிருக்கலாம். தங்கள் மகனிடம் இதை அப்படியே சொல்லிவிடுங்கள் அம்மா; கேட்ட கேள்விக்கு நேரான விடை கிடைத்தால் பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடுவார்கள்.

கூடலூர் வாசகர் ஒருவர்: பக்கத்து வீட்டு மலையாளிக் குடும்பத்தில் ‘கள்ளம் பறயாதே’ என்று குழந்தையை அதட்டினார்கள். ‘பொய் சொல்லாதே’ என்று அதற்குப் பொருளாம். நமக்குக் கள்ளம் என்றால் திருட்டு அல்லவா? ‘கள்ளன்’, ‘திருடன்’ இரண்டும் ஒன்றுதானா?

மூன்று மொழிகள் ஒரே தேநீர்க் கடையில் புழங்கும் கூடலூரில் இருப்பவருக்கே இப்படி ஒரு கேள்வி தோன்றும். ‘கள்’ என்ற வேர், தமிழ், மலையாளம், கன்னடம் என்று நம் மொழிக் குடும்பம் முழுவதிலும் இருக்கிறது. தெலுங்கில் ‘கல்ல’ என்றால் பொய். திருடனுக்கு அங்கே ‘தொங்க’ என்று வேறு சொல். தமிழில் ‘கள்’ ஒரு வினையாகவே வழங்கியிருக்கிறது. ‘உள்ளத்தால் உள்ளலும் தீதே பிறன்பொருளைக் கள்ளத்தால் கள்வேம் எனல்’ என்ற குறளில் ‘கள்வேம்’ என்பது ‘திருடுவோம்’ என்ற வினை. ‘கள்ளத்தால்’ என்பது ‘மறைவாக, வஞ்சகமாக’ என்ற முறை. ஒரே அடியில் இரண்டு பொருளும் அருகருகே நிற்கின்றன. பெற்றோர் அறியாமல் தலைவனும் தலைவியும் கொள்ளும் காதலுக்கு இலக்கண நூல் ‘களவு’ என்று பெயர் வைத்ததும் அந்த மறைவினால்தான். வேரின் உயிர் மறைப்பில் இருக்கிறது. பொருளை மறைத்து எடுத்தால் திருட்டு, உண்மையை மறைத்துப் பேசினால் பொய். மலையாளம் இரண்டாவதை அன்றாடப் பேச்சில் காப்பாற்றி வைத்திருக்கிறது. நாமும் ‘கள்ளம் கபடம் இல்லாதவர்’ என்று சொல்லும்போது அதையே சொல்கிறோம்.

கள்ளன், திருடன் என்ற இரண்டும் ஆளைக் குறிக்கையில் வேறுபாடில்லை. வேறுபாடு, அவை மற்றொரு சொல்லுக்கு முன்னால் அடையாக நிற்கும்போது தெரியும். கள்ள நோட்டு, கள்ளச் சாவி, கள்ளக் கையெழுத்து, கள்ள ஓட்டு என்பவற்றைப் பாருங்கள். பொருளே போலி அல்லது மறைவில் உண்டாக்கப்பட்டது. திருட்டு நகை, திருட்டு மாடு, திருட்டு மின்சாரம் என்பவற்றில் பொருள் உண்மையானதே. அது உரியவரைவிட்டு வந்த வழிதான் தவறு. ‘கள்ளச் சாவி’ என்றால் போலியாகச் செய்த சாவி, ‘திருட்டுச் சாவி’ என்றால் உரியவரிடமிருந்து எடுத்த உண்மையான சாவி. இந்த நுட்பத்தை எவரும் நமக்குப் பாடமாக நடத்தியதில்லை, ஆனாலும் பேச்சில் நாம் தவறுவதில்லை.

பழைய நிகண்டுகளில் கரவடர், பட்டிகர், புரையோர், சோரர், தேனர் என்று திருடர்களுக்கு இன்னும் பல பெயர்கள் உண்டு. இவற்றில் ‘கரவடர்’ என்பது ‘கரவு’, அதாவது ஒளித்தல் என்பதோடு தொடர்புடையது. ‘சோரம் போதல்’ என்ற தொடரில் மட்டும் சோரர் ஒட்டிக்கொண்டிருக்கிறார், மற்றவை வழக்கொழிந்தன.

கோத்தகிரி வாசகர் ஒருவர்: என் தாத்தா இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அங்கே தம்மைக் ‘கள்ளத்தோணி’ என்று கூப்பிட்டார்கள் என்று கடைசிவரை வருத்தப்பட்டார். அது ஏன் குற்றவாளிப் பெயர் ஆயிற்று?

மேலே சொன்ன ‘கள்ள’ என்ற அடைதான் இதிலும் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல், துறைமுகத்துக்கு வராமல், இரவில் மறைவாகக் கரையேறும் தோணிக்குக் கள்ளத்தோணி என்று பெயர். பிறகு அதில் வந்த ஆளுக்கும் அதுவே பெயராயிற்று. கடைசியில், இந்திய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்கள்மீதும் அதை வீசினார்கள். அந்தத் தொழிலாளர்களை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளே கங்காணிகளை வைத்து ஆள்பிடித்து வரவழைத்தார்கள். மண்டபம் முகாமில் நிறுத்தி, மருத்துவச் சோதனை செய்து, பதிவு செய்த பிறகுதான் பல்லாயிரம் பேரைத் தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். அரசாங்கத்தின் கண்ணெதிரே, அரசாங்கத்தின் கணக்கில் ஏறிச் சென்றவர்களைக் கள்ளத்தனமாக வந்தவர்கள் என்று அழைத்தது பொய்.

1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கி, பின்னர் டான்டீ என்று நாம் அழைக்கும் கழகமாக வளர்ந்தது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பல குடும்பங்களின் முன்னோர்கள் இவர்கள். தங்கள் தாத்தாவின் வருத்தம் முழுக்க நியாயமானது. தோணியில்கூட வராதவரை அந்தப் பெயரால் அழைத்தவர்கள்தான் தவறு செய்தவர்கள்.

அரவங்காடு வாசகர் ஒருவர்: ‘கேடி’ தமிழ்ச் சொல்லா?

‘கேடு’ என்பதோடு ஒலியொத்து இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் அது காவல் துறைப் பதிவேட்டில் வந்த இரண்டு ஆங்கில எழுத்துகள். ‘அறியப்பட்ட சூறையாடி’ என்ற பொருள் தரும் ‘நோன் டிப்ரடேட்டர்’ (Known Depredator) என்ற தொடரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துக் ‘கே.டி.’ என்றார்கள். பலமுறை பிடிபட்டவர்களின் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் இருந்தன. அதைத் தமிழ்க் காது கேடாகக் கேட்டு, சொந்தச் சொல்லாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. ‘போர்ட்வென்டி’யும் இதே வகைதான், 1860-இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவின் எண் 420. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் மொத்தமே 358 பிரிவுகள். 420 என்ற எண்ணே கிடையாது. மோசடி இப்போது 318-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனாலும் ‘அவன் ஒரு முந்நூற்றுப் பதினெட்டு’ என்று சொல்லும் வழக்கம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய எண் மக்கள் வாயில் சொல்லாகிவிட்டது; சட்டம் மாறினாலும் அது மாறாது.

குன்னூர்க் கல்லூரி மாணவி ஒருவர்: செய்தித்தாள்களில் திருட்டு, வழிப்பறி, கொள்ளை, கன்னக்களவு என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இவற்றுக்குள் உண்மையான வேறுபாடு உண்டா?

உண்டு, அந்த வேறுபாடு தண்டனையையே மாற்றிவிடும் அளவுக்குப் பெரியது. உடையவர் இசைவில்லாமல் அவர் கைவசமிருந்து பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்தினால் அது திருட்டு. ஜேப்படி இதில் அடங்கும். கழுத்துச் சங்கிலியைத் திடீரென இழுத்துக்கொண்டு ஓடுவது பழைய சட்டத்தில் தனிக் குற்றமாக இருக்கவில்லை. புதிய சட்டத்தின் 304-ஆம் பிரிவு ‘பறிப்பு’ என்று அதற்குத் தனிப் பெயரும் மூன்றாண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. கத்தியைக் காட்டியோ அடித்தோ, அப்போதே காயமோ மரணமோ நேரும் என்று அஞ்சவைத்தோ எடுத்தால் அது வழிப்பறி அல்லது கொள்ளை. அதையே ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ கூடிச் செய்தால் கூட்டுக்கொள்ளை. நான்கு பேர் வரை ஒரு குற்றம், ஐந்தாமவர் சேர்ந்தவுடன் வேறொரு குற்றம்.

வழிப்பறிக்குச் சங்க காலத்திலேயே அழகாக அமைந்த பெயர் உண்டு. பொருநராற்றுப்படை ‘ஆறலை கள்வர்’ என்கிறது. ஆறு என்பது வழி, அலைத்தல் என்பது வருத்துதல்; வழியில் போவோரை வருத்தும் கள்வர். அத்தகைய கள்வர்களும் தங்கள் ஆயுதங்களைக் கைவிட்டு அருள் கொள்ளும்படி பாலை யாழின் இசை இருந்தது என்பது அந்தப் பாட்டின் செய்தி. தீவட்டி கொளுத்திக்கொண்டு கூட்டமாக ஊருக்குள் புகுந்தவர்களுக்குப் பிற்காலத்தில் தீவட்டிக் கொள்ளையர் என்று பெயர் வந்தது. தீவட்டி போய்விட்டது, ‘பகல் கொள்ளை’ என்ற தொடர் மட்டும் அளவுக்கு மீறி விலை கேட்கும் கடைக்காரருக்கு நாம் சொல்லும் சொல்லாக மிஞ்சியிருக்கிறது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது கன்னக்களவு. கன்னம் என்பது இங்கே முகத்தின் பகுதியைக் குறிக்காது; திருடுவதற்காகச் சுவரில் இடும் துளையைக் குறிக்கும். கதவும் தாழும் உறுதியாக இருந்த காலத்தில் மண்சுவர்தான் வீட்டின் மெலிந்த இடம். கன்னக்கோல் என்ற இரும்புக் கருவியால் அதைத் துளைத்து உள்ளே நுழைவார்கள். மதுரை நகரத்து நள்ளிரவைப் பாடும் மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இப்படிப்பட்டவர்களின் கோலத்தை விரிவாகக் காட்டுகிறார். காலில் செருப்பு, தொடையோடு பதித்த கூரிய குறுவாள், இருளோடு இருளாகும் நீலக் கச்சு, இடுப்பில் பல சுற்றாகச் சுற்றிய மெல்லிய நூலேணி, நிலத்தைத் தோண்டும் உளி. நகைகளை விரும்பித் திரியும் இவர்களை, ‘கண் மாறு ஆடவர்’, அதாவது பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து மறைந்துவிடும் ஆட்கள் என்கிறார். யானையை எதிர்பார்த்திருக்கும் புலியைப் போல ஊர்க்காவலர் இவர்களுக்காகப் பதுங்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். இத்தனை கருவியோடு வந்தவர்களின் தொழிற்சொல் இன்றைய காவல் துறைப் பதிவேட்டிலும் ‘இரவுக் கன்னக்களவு’, ‘பகல் கன்னக்களவு’ என்று உயிரோடு இருக்கிறது. இப்போது பெரும்பாலும் சுவரைத் துளைப்பதில்லை, பூட்டைத்தான் உடைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் பூட்டைத் திறந்து நுழைவதும் அதே குற்றம்தான். குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சமவெளிக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள், போவதற்கு முன் காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

மாணவிக்கு ஒரு குறிப்பு: புகார் எழுதும்போது ‘வழிப்பறி’, ‘கொள்ளை’ என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. எத்தனை பேர் வந்தார்கள், ஆயுதம் காட்டினார்களா, தொட்டார்களா, எதை எடுத்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பெயரும் பிரிவும் அதிலிருந்து தாமே அமையும்.

மஞ்சூர் வாசகர் ஒருவர்: காட்டில் மரம் வெட்டிப் பிடிபட்ட ஒருவரைக் குண்டர் சட்டத்தில் அடைத்ததாகப் படித்தேன். மரம் வெட்டியவர் எப்படிக் குண்டர் ஆவார்?

அவர் குண்டர் ஆகவில்லை. ‘வனக் குற்றவாளி’ ஆனார். நாம் சுருக்கமாகக் குண்டர் சட்டம் என்று சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு முழுப் பெயர் மிக நீளமானது. கள்ளச்சாராயக்காரர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் குற்றவாளிகள், மணல் குற்றவாளிகள், குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர்கள், வீடியோ திருடர்கள் முதலான குற்றவாளிகளின் பட்டியலே அதன் தலைப்பாக இருக்கிறது. திருத்தங்கள் வர வர இந்தப் பட்டியல் நீண்டிருக்கிறது. எந்தக் காலத்தில் எந்தக் குற்றத்துக்கு அரசு அஞ்சியது என்பதை அந்தத் தலைப்பிலேயே படிக்கலாம். இந்தப் பட்டியலில் உள்ள எவரையும் விசாரணையில்லாமல் 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்க அது இடம் கொடுக்கிறது. ‘குண்டர்’ என்பது இந்தியில் வரும் ‘குண்டா’. உடல் பருமனோடு அதற்குத் தொடர்பில்லை.

காட்டுக் குற்றங்களுக்கு மலையில் தனிச் சொற்கள் உண்டு. அனுமதியில்லாத வேட்டைக்குக் கள்ளவேட்டை. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிக்குக் கள்ளத் துப்பாக்கி. தேயிலைத் தோட்ட வேலியோரம் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தை சிக்கி இறக்கிறது. பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைக் கடித்த யானைக் கன்று, வாய் சிதைந்து, பல நாள் உண்ண முடியாமல் சாகிறது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவை சிறைக்குரிய குற்றங்கள். ‘பன்றிக்குத்தானே வைத்தோம்’ என்று ஊரில் சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். சுருக்குக்கு எந்த விலங்கு என்று தெரியாது. ‘கடத்தல்’ என்ற சொல் சந்தன மரத்துக்கும் ஆளுக்கும் விமானத்துக்கும் பொதுவாகிவிட்டதால், செய்தி எழுதுபவர்கள் எதைக் கடத்தினார்கள் என்பதைத் தலைப்பிலேயே சேர்த்து எழுதினால் குழப்பம் வராது.

உதகமண்டலம் வாசகி ஒருவர்: ‘மர்ம நபர்’, ‘ஆசாமி’, ‘குற்றவாளி கைது’ – செய்தித்தாள்களின் இந்தச் சொற்கள் சரியா?

ஆள் யாரென்று தெரியாதபோது ‘மர்ம நபர்’ என்கிறார்கள். ‘அடையாளம் தெரியாத நபர்’ என்பது அதைவிடத் தெளிவு. ‘ஆசாமி’ இந்துஸ்தானி வழியாக வந்தது. வருவாய்க் கணக்கில் குடியானவரைக் குறித்த அந்தச் சொல் வங்காளத்தில் இன்று குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கிறது. தமிழில் யாரோ ஒருவர் என்ற பொருளில் சற்று இளப்பத்தோடு வழங்குகிறது.

‘குற்றவாளி கைது’ என்பது மட்டும் நிச்சயமாகத் தவறு. கைதாகும்போது அவர் சந்தேகத்துக்குரியவர். வழக்குப் பதிந்தபின் குற்றம் சாட்டப்பட்டவர். நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே குற்றவாளி. சிறையிலும் விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி என்று பிரித்தே வைக்கிறார்கள். இந்தப் பிரிவினை வெறும் சொல்லாசாரம் என்று நினைக்கக் கூடாது. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன், கள்வருக்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டையும் அடுக்கி, எதிரே நிற்கும் கோவலன் இவற்றில் தேர்ந்தவன் என்று காவலர்களை நம்பவைக்கிறான். கோவலனைப் பார்த்த காவலர்கள் அவன் முகத்தில் கொலைக்குரிய குற்றம் தெரியவில்லை என்று முதலில் தயங்கத்தான் செய்தார்கள். ஆனாலும் அரண்மனையிலிருந்து ‘கள்வன்’ என்ற பெயர் முன்பே வந்துவிட்டது. விசாரணை என்ற ஒன்று நடக்கவே இல்லை. சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், அந்த எட்டையும் சொல்லிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றான். பெயர் தீர்ப்புக்கு முன்னால் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் செய்தி எழுதுபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

கட்டபெட்டு வாசகர் ஒருவர்: என் தம்பி மகள் கணினியில் பார்த்து ஊட்டியில் ஒரு காட்டேஜுக்கு முன்பணம் கட்டினாள். வந்து பார்த்தால் அந்த முகவரியில் தோட்டம்தான் இருக்கிறது. இப்படிச் செய்பவருக்கு என்ன பெயர் சொல்வது?

‘எத்தன்’ என்பது இதற்குப் பொருந்தும் நல்ல தமிழ்ச் சொல். எத்துதல் என்றால் ஏமாற்றுதல். ‘எத்தனுக்கு எத்தன்’ என்று இன்றும் சொல்கிறோம். திருடனும் கொள்ளைக்காரனும் நம்மிடமிருந்து எடுக்கிறார்கள். எத்தன் நம் கையாலேயே நம்மைக் கொடுக்கவைக்கிறான். சட்டம் இதைத் திருட்டு என்று சொல்லாமல் மோசடி என்று தனியாக வைத்திருப்பதற்கு அதுவே காரணம். அல்வா கொடுத்தான், பட்டை நாமம் போட்டான், கம்பி நீட்டினான் என்று ஏமாற்றத்துக்குத் தமிழில் எத்தனையோ தொடர்கள் உண்டு. ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் தொடர்களே அவற்றில் அதிகம் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பலர் புகாரே கொடுப்பதில்லை. தங்கள் தம்பி மகளை எவரும் குறை சொல்ல வேண்டாம். படங்கள் உண்மையான விடுதியினுடையவையாக இருந்திருக்கும், பணம் போன கணக்கு மட்டும் வேறு ஆளுடையதாக இருந்திருக்கும்.

உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். இணையவழிப் பண மோசடிக்கென்று நாடு முழுவதும் இயங்கும் உதவி எண் அது. பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தகவல் போய்விட்டால் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பணம் அனுப்பிய நேரம், பரிமாற்ற எண், அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அடுத்த முறை முன்பணம் கட்டுவதற்கு முன்னால், தங்களைப் போல் மலையில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் முகவரியைச் சொல்லி, அங்கே கட்டடம் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லட்டும்.